கணினியின் வேகக் கடிகாரம் ஏன் கைவிடுகிறது? டிஎஸ்சி கோளாறைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் அளவீட்டைப் பதியும் பெட்டியாக இருக்கலாம். காட்பாடியில் ஒரு ஆய்வகத்துக் கணினியாகவோ, லாங் பஜாரில் பில் போடும் பழைய டெஸ்க்டாப்பாகவோ இருக்கலாம். லினக்ஸ் போட்டுச் சில நாள் ஓடியபின் கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், பதிவேட்டைத் திறந்தால் ஒரு வரி கிடக்கும்: ‘மார்க்கிங் கிளாக்சோர்ஸ் டிஎஸ்சி ஆஸ் அன்ஸ்டேபிள்’. ப்ராசசருக்குள் இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியைக் கெர்னல் இனி நம்பவில்லை என்று பொருள். கணினி நின்றுவிடாது. ஆனால் அதுவரை சரளமாக ஓடிய டேட்டாபேஸ் இழுக்கும், பதிவுகளின் நேரம் முன்னும் பின்னும் ஆடும், ப்ராசசர் காரணமில்லாமல் சூடாகும்.

உடனே இணையத்தில் தேடி, பூட் வரியில் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ என்று போட்டுவிடுபவர்கள் அதிகம். எச்சரிக்கை மறைந்துவிடும், வேகமும் திரும்பும். ஆனால் கெர்னல் அந்த எண்ணியைக் கைவிட்டது காரணத்தோடுதான். எந்த நிபந்தனை உடைந்தது என்று பார்க்காமல் வாயை அடைத்தால், மெதுவான சரியான நேரத்தைக் கொடுத்து வேகமான தவறான நேரத்தை வாங்கியதாக ஆகும். கீழே உள்ள படிகள் அந்தக் காரணத்தைப் பிடிப்பதற்காக.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில்: டிஎஸ்சி என்பது என்ன?

டைம் ஸ்டாம்ப் கவுன்ட்டர் என்பது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் 64 பிட் எண்ணி. 1993-இல் இன்டெல் பென்டியத்தோடு வந்தது. கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகும். ‘ஆர்டிடிஎஸ்சி’ என்ற ஒரே ஆணையில் அதைப் படித்துவிடலாம். வெளியே எந்தச் சில்லையும் கேட்க வேண்டாம், கெர்னலுக்குள்ளும் போக வேண்டாம். அதனால்தான் வேகம். லினக்ஸில் ‘விடிஎஸ்ஓ’ என்ற ஏற்பாடு இதைப் பயன்படுத்தி, நேரம் கேட்கும் நிரலுக்கு அதன் சொந்த நினைவகப் பரப்பிலேயே பதில் தந்துவிடும். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 20 முதல் 30 நானோவிநாடிதான் செலவு.

இது அடிப்படையில் கடிகாரமே அல்ல, வெறும் எண்ணி. எண்ணிக்கையை நேரமாக மாற்ற வேண்டுமானால் மூன்று நிபந்தனை வேண்டும். இதைத் திருவண்ணாமலை கிரிவலத்தோடு ஒப்பிட்டால் எளிதில் பிடிபடும். 14 கிலோமீட்டர் பாதையில் காலடியை எண்ணியே நேரம் சொல்ல முடியுமா? முடியும். நடையின் வேகம் மாறக்கூடாது, வழியில் எங்கும் உட்காரக்கூடாது, கூட வருபவரும் அதே இடத்தில் அதே நொடியில் எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். நடை தளர்ந்தால் எண்ணிக்கை பொய். நிருதி லிங்கத்தருகே அரை மணி உட்கார்ந்து எழுந்தால் எண்ணிக்கை பொய். ஒருவர் ராஜகோபுரத்திலும் மற்றவர் பாதி வழியிலும் எண்ணத் தொடங்கினால், தனித்தனியே இருவரும் சரி, ஒப்பிட்டால் பொய்.

ப்ராசசரிலும் இதே மூன்றுதான்: வேகம் மாறாமை, நிற்காமை, கோர்களுக்கிடையே (ப்ராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்கிடையே) ஒற்றுமை.

படி 1: வியாதி இதுதானா என்று உறுதி செய்யுங்கள்

கடையில் ‘டைம் தப்பாகுது’ என்று வரும் கணினிகளில் பாதிக்கு மேல் டிஎஸ்சிக்குச் சம்பந்தமே இருக்காது. மின்சாரம் போய் வந்ததும் தேதி பழைய ஆண்டுக்கு ஓடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது, மாற்றினால் முடிந்தது. கணினியை அணைத்து வைத்திருந்த நேரத்தில் மட்டும் தினம் ஒன்றிரண்டு விநாடி பின்தங்குகிறதா? அது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் வேலை. அந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, பின்தங்கும் என்பது வரும். கத்திரி வெயிலில் மூடிய அறையில் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் 20-இன் வர்க்கம் 400, பெருக்கினால் 13.6 பிபிஎம். நாளுக்கு ஏறத்தாழ 1.2 விநாடி. வேலூரை வெயிலூர் என்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இது கோளாறல்ல.

டிஎஸ்சி சிக்கல் என்றால் அறிகுறி வேறு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் வேகமாகவோ மெதுவாகவோ போகும், அல்லது பின்னோக்கித் தாவும், அல்லது நேரம் சரியாக இருந்தும் நேரம் கேட்கும் செலவு பல மடங்கு கூடியிருக்கும். மூன்றாவது வகைதான் இன்றைக்கு அதிகம்.

படி 2: இப்போது எந்தக் கடிகாரம் ஓடுகிறது?

‘சிஸ்’ கோப்புறைக்குள் டிவைசஸ், அதற்குள் சிஸ்டம், கிளாக்சோர்ஸ், கிளாக்சோர்ஸ்0 என்று இறங்குங்கள். அங்கே ‘கரன்ட்’, ‘அவைலபிள்’ என்று தொடங்கும் இரண்டு கோப்புகள் இருக்கும். ‘கேட்’ கட்டளையால் இரண்டையும் படியுங்கள். முதலாவது இப்போது பயனில் இருப்பது, இரண்டாவது மாற்றிக்கொள்ளக் கிடைப்பவை.

‘டிஎஸ்சி’ என்று வந்தால் நல்லது. ‘ஹெச்பெட்’ என்று வந்தால் கெர்னல் மதர்போர்டுச் சில்லில் இருக்கும் கடிகாரத்துக்கு இறங்கியிருக்கிறது. இது பெரும்பாலும் 14.31818 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ‘ஏசிபிஐ பிஎம்’ என்று வந்தால் அதனினும் பழைய 3.579545 மெகாஹெர்ட்ஸ் எண்ணி. இந்த விசித்திர எண்கள் எல்லாம் அமெரிக்கக் கலர் டிவி கிரிஸ்டலிலிருந்து பிறந்தவை. முதல் பிசிக்களில் மலிவாகக் கிடைத்த அந்தக் கிரிஸ்டலை வைத்தார்கள், அது இன்றுவரை விடவில்லை.

இவற்றைப் படிக்க ப்ராசசர் தன் எல்லையைத் தாண்டிச் சில்லுவரை போய்வர வேண்டும். ஒருமுறை போய்வர ஒரு மைக்ரோவிநாடி அளவில் ஆகும், சில போர்டுகளில் அதற்கும் மேல். கோர்கள் பல ஒரே சமயத்தில் கேட்டால் ரேஷன் கடை வரிசைதான். அதோடு லினக்ஸ் ஹெச்பெட்டை விடிஎஸ்ஓ வழியாகத் தருவதை 2016-இலேயே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய் வர வேண்டும்.

அவைலபிள் பட்டியலில் டிஎஸ்சி இருந்தும் கரன்ட்டில் வேறொன்று இருந்தால், யாரோ பூட் வரியில் மாற்றியிருக்கிறார்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் கெர்னல் அதை நம்பமுடியாதது என்று முத்திரை குத்தியிருக்கிறது.

படி 3: ப்ராசசர் என்ன வாக்குறுதி தருகிறது?

‘ப்ராக்’ கோப்புறையில் உள்ள ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பில் ‘ஃபிளாக்ஸ்’ வரியைப் பாருங்கள். தேட வேண்டிய சொற்கள் நான்கு.

‘டிஎஸ்சி’ என்று மட்டும் இருந்தால் எண்ணி இருக்கிறது என்பதற்கு மேல் உத்தரவாதம் எதுவும் இல்லை. ‘கான்ஸ்டன்ட் டிஎஸ்சி’ இருந்தால் ப்ராசசர் வேகம் கூடினாலும் குறைந்தாலும் எண்ணும் வேகம் மாறாது. ‘நான்ஸ்டாப் டிஎஸ்சி’ இருந்தால் ஆழ்ந்த தூக்கத்திலும் எண்ணி நிற்காது. ‘டிஎஸ்சி அட்ஜஸ்ட்’ இருந்தால், எண்ணியை யாராவது இடையில் திருத்தினால் அந்தத் திருத்தம் தனிப் பதிவகத்தில் தெரியும். இன்டெலின் புதிய சில்லுகளில் இது உண்டு.

கவனியுங்கள்: இந்தக் கொடிகளில் முதல் இரண்டு நிபந்தனைகளுக்குத்தான் பதில் இருக்கிறது. கோர்களுக்கிடையே ஒற்றுமை இருக்கிறதா என்பதற்குக் கொடி கிடையாது. அதைக் கெர்னல் பூட் ஆகும்போது சோதித்துத்தான் பார்க்கிறது.

படி 4: கெர்னல் சொன்ன காரணத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ‘டிமெசேஜ்’ என்று உச்சரிக்கப்படும் பதிவேட்டுக் கட்டளையின் வெளியீட்டில் டிஎஸ்சி, கிளாக்சோர்ஸ் ஆகிய இரண்டு சொற்களையும் தேடுங்கள். ‘அன்ஸ்டேபிள் டியூ டு’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் நோயின் பெயர்.

‘சிபியுஃப்ரீக் சேஞ்சஸ்’ என்று வந்தால் முதல் நிபந்தனை உடைந்தது. பென்டியம் எம் காலத்து லேப்டாப்புகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ப்ராசசர் வேகம் குறைந்தால் எண்ணியும் கூடவே குறையும். பேட்டரியில் ஓடும்போது ஒரு விநாடி, பிளக்கில் ஓடும்போது வேறொரு விநாடி. இதைச் சரிசெய்ய வழியில்லை. ஏசிபிஐ பிஎம்தான் அந்த இயந்திரத்துக்கு விதி.

‘டிஎஸ்சி ஹால்ட்ஸ் இன் ஐடில்’ என்றால் இரண்டாவது நிபந்தனை. கோர் 2 டுவோ தலைமுறையில் வேகம் மாறினாலும் எண்ணி மாறாது, ஆனால் சி3 என்ற ஆழ்தூக்கத்தில் நின்றுவிடும். அந்தத் தலைமுறை அலுவலகக் கணினிகள் செகண்ட் ஹேண்டாக இன்றும் நம் பக்கத்தில் கைமாறிக்கொண்டிருப்பதால் இந்த வரி அடிக்கடி தென்படும். 2008 நவம்பரில் வந்த நெஹலம், அதாவது முதல் கோர் ஐ7, இதைத் தீர்த்தது. ஏஎம்டியில் 2007-இன் பார்சலோனா தலைமுறையிலிருந்து இது சரி. ஜியோட் போன்ற பழைய சிறு சில்லுகளில் சாதாரண ஓய்வு ஆணைக்கே எண்ணி நிற்பதும் உண்டு.

‘டிஎஸ்சிஸ் அன்சிங்க்ரனைஸ்டு’ என்றாலோ, ‘டிஎஸ்சி வார்ப் பிட்வீன் சிபியுஸ்’ என்று ஒரு எண்ணோடு வந்தாலோ மூன்றாவது நிபந்தனை. இதில் பெயர் வாங்கியது 2005-இல் வந்த ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2. ஒரு கோர் ஓய்வெடுக்கும்போது அதன் துடிப்பு தாழும், மற்ற கோர் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு எண்ணிகளும் மெல்ல மெல்லப் பிரிந்துபோகும். ஒரு கோரில் தொடங்கிய நிரல் இன்னொரு கோருக்கு மாறியதும் நேரம் பின்னோக்கிப் போனதாக நினைக்கும். அந்தக் காலத்து கேம்களில் பாத்திரங்கள் திடீரென்று பறந்ததும் உறைந்ததும் இதனால்தான். ஏஎம்டி ‘டூவல் கோர் ஆப்டிமைசர்’ என்று தனி மென்பொருளே வெளியிட வேண்டியதாயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில் பூட் கோப்பில் ‘யூஸ்பிஎம்டைமர்’ என்று சேர்ப்பது இன்னொரு வைத்தியமாக இருந்தது.

‘ஃபர்ம்வேர் பக்’ என்ற சொல்லோடு ‘டிஎஸ்சி அட்ஜஸ்ட்’ வந்தால் ப்ராசசர் மேல் தப்பில்லை. பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருள், எழுதியவர்கள் பூட் ஆகும்போதோ, ஸ்லீப்பிலிருந்து எழும்போதோ ஒரு கோரின் எண்ணியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். 4.10 முதலான கெர்னல்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே திருத்த முயலும். பயாஸ் அப்டேட் இருந்தால் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் மின்வெட்டு நேரத்தில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டில் கை வைக்காதீர்கள்.

கடைசி வகை ‘கிளாக்சோர்ஸ் வாட்ச்டாக்’. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

படி 5: காவல்காரன் சொன்னது உண்மையா?

வாட்ச்டாக் என்பது அரை விநாடிக்கு ஒருமுறை டிஎஸ்சியை ஹெச்பெட் அல்லது பிஎம் டைமரோடு ஒப்பிடும் காவல். நீண்டகாலம் அதன் வரம்பு 62.5 மில்லிவிநாடியாக இருந்தது. இரண்டும் அதற்கு மேல் விலகினால் டிஎஸ்சி கைவிடப்படும். புதிய கெர்னல்களில் இந்த வரம்பு நுட்பமாகியிருக்கிறது, தத்துவம் அதுவே.

காவல்காரனும் தூங்கலாம். பதிவேட்டில் ‘டபிள்யூடி என்செக்’, ‘சிஎஸ் என்செக்’ என்று இரண்டு எண்கள் அருகருகே வரும். முதலாவது காவல் கடிகாரம் அளந்த இடைவெளி, இரண்டாவது டிஎஸ்சி அளந்தது, இரண்டும் நானோவிநாடியில்.

முதல் எண் 50 கோடியை ஒட்டியும், அதாவது அரை விநாடியாகவும், இரண்டாவது அதிலிருந்து நன்றாக விலகியும் இருந்தால் டிஎஸ்சி மீதுதான் சந்தேகம். இரண்டாவது எண் பல விநாடிகளைக் காட்ட முதலாவது மட்டும் சிறியதாக இருந்தால், காவல்காரன் சுற்றில் மாட்டியிருக்கலாம். பிஎம் டைமர் வெறும் 24 பிட், 4.69 விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கணினி வேலைப்பளுவில் ஐந்து விநாடி திணறினால் ஒரு சுற்று காணாமல் போய், நிரபராதியான டிஎஸ்சி மேல் பழி விழும். ‘ரீட்பேக் டிலே’ என்று வரி வந்தாலும் அதே கதை: காவல் கடிகாரத்தைப் படிக்கவே தாமதமாயிருக்கிறது.

ஹெச்பெட்டே பழுதான இயந்திரங்களும் உண்டு. இன்டெல் காஃபி லேக் வகைச் சிலவற்றில் சில்லுத் தொகுதி பிசி10 என்ற மிக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் ஹெச்பெட் நின்றுவிடுகிறது. லினக்ஸ் அந்த மாடல்களில் ஹெச்பெட்டையே முடக்கிவிட்டது. பின்னர், கான்ஸ்டன்ட், நான்ஸ்டாப், அட்ஜஸ்ட் மூன்று கொடியும் உள்ள, சாக்கெட் (ப்ராசசர் பொருத்தும் இடம்) எண்ணிக்கை குறைந்த இயந்திரங்களில் காவலே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆகவே புதிய இன்டெல் பெட்டியில் பழைய கெர்னல் ஓடிக்கொண்டு இந்த எச்சரிக்கை வந்தால், பூட் வரியைத் தொடுவதற்கு முன் கெர்னலைப் புதுப்பியுங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

படி 6: செலவை அளந்து பாருங்கள்

சந்தேகத்தை எண்ணாக மாற்ற ஒரு சிறு சி நிரல் போதும். நேரம் கேட்கும் ‘கிளாக் கெட்டைம்’ அழைப்பை, பின்னோக்கிப் போகாத மோனோடானிக் வகையில் ஒரு கோடி முறை சுழலில் கூப்பிடுங்கள், ‘டைம்’ கட்டளையோடு ஓட்டுங்கள். மொத்தம் கால் விநாடி அளவில் முடிந்தால் ஒரு அழைப்புக்கு 25 நானோவிநாடி, ஆரோக்கியம். பத்து விநாடி தாண்டினால் ஒரு மைக்ரோவிநாடிக்கு மேல், டிஎஸ்சி பயனில் இல்லை. டைம் காட்டும் ‘சிஸ்’ வரியில் பெரும்பகுதி விழுந்திருந்தால் ஒவ்வொரு அழைப்பும் கெர்னலுக்குள் போகிறது என்று பொருள்.

இன்னும் எளிய சோதனை: கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ வழியாக அந்த நிரலை ஓட்டுங்கள். விடிஎஸ்ஓ வேலை செய்தால் கிளாக் கெட்டைம் அழைப்பு ஒன்றுகூடத் திரையில் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஓடினால் வேகப்பாதை அடைபட்டிருக்கிறது.

இந்தச் செலவு உங்களைத் தொடுமா என்பதையும் பாருங்கள். பில் போடும் கணினி விநாடிக்கு நூறு முறை நேரம் கேட்டால் ஒரு மைக்ரோவிநாடி என்ன, பத்து மைக்ரோவிநாடி என்ன? ஹெச்பெட்டிலேயே விட்டுவிடுங்கள், மினக்கெட வேண்டாம். டேட்டாபேஸ், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பலமுறை நேரம் பதியும் வெப் சர்வர் இவற்றில்தான் வலிக்கும்.

துல்லியம்தான் முக்கியம் என்றால் கணக்கு வேறு. ஜவ்வாது மலையில், பழைய வடாற்காடு எல்லைக்குள் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை 1 மீட்டர் தொலைநோக்கியால் பதிவுசெய்தார்கள். யுரேனஸ் வளையங்கள் தெரியவந்தது அந்த மறைவின்போதுதான். சில விநாடி மங்கலை வேறு நாட்டுப் பதிவோடு பொருத்த வேண்டுமானால் கடிகாரம் எவ்வளவு சீராக ஓட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி வேலைக்கு வேகம் இரண்டாம் பட்சம், மெதுவான ஆனால் மாறாத கடிகாரமே மேல்.

படி 7: எண்ணி சரி, பெருக்கல் தவறு

மூன்று நிபந்தனையும் நிறைவேறியும் நேரம் ஓடிப்போகலாம். எண்ணிக்கையை விநாடியாக்க அதன் வேகம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அது தவறினால் எல்லா விநாடியும் சமமாகத் தவறும், காவலோ சோதனையோ எதிலும் சிக்காது.

இன்டெல் ஸ்கைலேக் எக்ஸ் வகையில் இது நடந்தது. மூலக் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று லினக்ஸ் மூலநிரலில் எழுதி வைத்திருந்தார்கள். அதே மாடல் எண்ணுள்ள வொர்க்ஸ்டேஷன்களில் இருந்தது 24. விளைவு, 4 சதவீதப் பிழை: ஒரு மணிக்கு 2.4 நிமிடம். சர்வர் வகையில் மின்காந்த இரைச்சலைக் குறைக்கத் துடிப்பை வேண்டுமென்றே பரப்பியதால் சராசரி ஏறத்தாழ 0.25 சதவீதம் தாழ்ந்தது. 4.15 கெர்னல் காலத்தில் திருத்தினார்கள்.

பழைய டெஸ்க்டாப் பயாஸ்களில் ‘ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதுவும் இதே வேலைதான். நேரம் முக்கியமான கணினியில் அணைத்துப் பாருங்கள். பேஸ் கிளாக்கை (ப்ராசசரின் மூலத் துடிப்பை) ஏற்றி ஓவர்கிளாக் செய்தவர்களுக்கும் இதே பிழை வரலாம். 2013-இல் விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருக்கும்போதே பேஸ் கிளாக்கை மாற்றினால் நேரமே நீள்கிறது என்பது தெரிந்து, ஓவர்கிளாக் சாதனைகளைப் பதியும் ஹெச்டபிள்யூபாட் அமைப்பு அதில் எடுத்த பெஞ்ச்மார்க் முடிவுகளை ஏற்க மறுத்தது.

சோதிக்கும் முறை: டிமெசேஜில் ‘டிடெக்டட்’ என்று ஒரு மெகாஹெர்ட்ஸும், சற்றுக் கழித்து ‘ரீஃபைன்டு டிஎஸ்சி கிளாக்சோர்ஸ் காலிப்ரேஷன்’ என்று இன்னொன்றும் வரும். மூன்று நான்கு முறை மறுதொடக்கம் செய்து இரண்டாவது எண்ணை எழுதி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் இயந்திரத்தில் 100 கிலோஹெர்ட்ஸ் ஆட்டம் என்றால் 42 பிபிஎம், நாளுக்கு 3.6 விநாடி. பிறகு இணையத்தோடு நேரத்தை ஒப்பிட்டுத் திருத்தும் க்ரோனி மென்பொருளைப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு ‘க்ரோனிசி ட்ராக்கிங்’ கட்டளையில் ‘ஃப்ரீக்வன்சி’ வரியைப் பாருங்கள். சில பத்து பிபிஎம் சாதாரணம். சில நூறு என்றால் சந்தேகப்படுங்கள். அதே வேலை செய்யும் பழைய மென்பொருளான என்டிபிடி 500 பிபிஎம், அதாவது நாளுக்கு 43.2 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடிக்காது. அதனால் 0.25 சதவீதப் பிழையை, அதாவது 2,500 பிபிஎம்மை, அதனால் சமாளிக்கவே முடியாது.

படி 8: இப்போதுதான் மருந்து

வரிசை முக்கியம். முதலில் பயாஸ், அடுத்து கெர்னல். இவை இரண்டிலும் தீராவிட்டால்தான் பூட் வரி.

ஆழ்தூக்கத்தில் எண்ணி நிற்கும் கோர் 2 வகையில் ‘ப்ராசசர்.மேக்ஸ் சிஸ்டேட்=1’ என்று போட்டால் கோர் அந்த ஆழத்துக்கே போகாது, டிஎஸ்சி நிற்காது. விலை: சும்மா இருக்கும்போதும் மின்சாரமும் சூடும் கூடும். மே மாதத்து வேலூரில் ஏசி இல்லாத அறையில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் பெட்டிக்கு இது நல்ல யோசனை அல்ல. ஹெச்பெட்டோடு வாழ்வதே மேல்.

கோர்கள் ஒத்துப்போகாத இயந்திரத்தில் டிஎஸ்சியைக் கட்டாயப்படுத்தவே கூடாது. காவல் பொய் சொல்கிறது என்று படி 5-இல் எண்களோடு உறுதியானால் மட்டும், அதுவும் கான்ஸ்டன்ட், நான்ஸ்டாப் இரண்டு கொடியும் இருந்தால் மட்டும், ‘டிஎஸ்சி=நோவாட்ச்டாக்’ அல்லது ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ போடுங்கள். போட்டபின் ஒரு வாரமாவது க்ரோனி பதிவைக் கவனியுங்கள். மறுபக்கம், டிஎஸ்சி உண்மையிலேயே பழுது என்று தெரிந்தால் ‘டிஎஸ்சி=அன்ஸ்டேபிள்’ போட்டு முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. நடு வேலையில் கடிகாரம் மாறும் குலுக்கல் இருக்காது.

வாடகை சர்வராக இருந்தால் கரன்ட் கோப்பில் ‘கேவிஎம் கிளாக்’ என்று வருவது கோளாறல்ல, அதுவும் விடிஎஸ்ஓ வழியே வேகமாகத்தான் ஓடும். ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும் ஜென் வகை மெய்நிகர் இயந்திரத்தில் ‘ஜென்’ என்று வந்தால் மெதுவானது. கொடிகள் சரியாக இருந்தால் கரன்ட் கோப்பில் டிஎஸ்சி என்று எழுதி மாற்றிப் பாருங்கள், மறுதொடக்கம் தேவையில்லை. ஏஎம்டியின் ஜென் ப்ராசசர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர்ப் பொருத்தம் அவ்வளவுதான்.

நிரல் எழுதுபவர்களுக்கு

ஆர்டிடிஎஸ்சியை நேரடியாகக் கூப்பிட்டு நேரம் அளக்கும் பழக்கத்தை விடுங்கள். கிளாக் கெட்டைமின் மோனோடானிக் வகை, டிஎஸ்சி நல்லதாக இருந்தால் அதையே பயன்படுத்தும், கெட்டால் தானே மாற்றுக்குப் போகும். உங்கள் நிரலுக்கு அந்தப் புத்தி இருக்காது. துல்லியம் அவ்வளவு வேண்டாம், சில மில்லிவிநாடி தப்பினால் பரவாயில்லை என்றால் ‘மோனோடானிக் கோர்ஸ்’ வகை இருக்கிறது. அது எண்ணியையே தொடாது, எனவே ஹெச்பெட் இயந்திரத்திலும் வேகம்தான்.

நுண்ணிய அளவீட்டுக்கு நேரடியாகத்தான் படிக்க வேண்டும் என்றால் இரண்டு பொறி உண்டு. ஆர்டிடிஎஸ்சி வரிசையைக் காக்காது. ப்ராசசர் ஆணைகளை முன்பின் மாற்றி ஓட்டும்போது நீங்கள் அளக்க நினைத்த வேலை அளவீட்டுக்கு வெளியே நழுவிவிடும். முன்னால், முந்தைய ஆணைகள் முடியும்வரை காத்திருக்கும் ‘எல்ஃபென்ஸ்’ ஆணையை வையுங்கள். முடிவில் ‘ஆர்டிடிஎஸ்சிபி’ படித்து அதன் பின்னும் ஒரு எல்ஃபென்ஸ். இரண்டாவது பொறி அலகு: இன்றைய ப்ராசசரில் டிஎஸ்சி ஓடும் வேகமும் கோர் ஓடும் வேகமும் ஒன்றல்ல. டர்போவில் கோர் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் எண்ணி தன் அடிப்படை வேகத்திலேயே எண்ணும். ஆகவே அது காட்டுவது ‘எத்தனை சைக்கிள்’ அல்ல.

ஆர்ம் சிறுபலகைகள்

மாணவர் புராஜெக்ட்டுகளில் இப்போது இவைதான். ராஸ்பெர்ரி பையின் முதல் மாடலிலும் ஸீரோவிலும் உள்ள ஆர்ம்11-இல், புதிய ஆர்ம் சில்லுகளில் இருக்கும் பொது டைமர் கிடையாது. 1 மெகாஹெர்ட்ஸ் சிஸ்டம் டைமரைக் கெர்னல் வழியாகத்தான் கேட்க வேண்டும், விடிஎஸ்ஓ வேகம் கிடைக்காது. அங்கே கோளாறு தேடாதீர்கள். பை 4-இல் பொது டைமர் 54 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது.

டைமர் இருந்தும் சில்லே பழுதானது ஆல்வின்னர் ஏ64. அதன் கீழ்நிலை பிட்டுகள் புரளும் நொடியில் படித்தால் தப்பான எண் வரும். பலகை திடீரென்று 95 ஆண்டு முன்னே தாவும். 95 எங்கிருந்து வந்தது? 24 மெகாஹெர்ட்ஸ் எண்ணி 56 பிட்டில் ஒரு முழுச் சுற்று போக ஆகும் காலம் அது. எண்ணி ஒரு துளி பின்னோக்கிப் போனாலும் கெர்னல் அதை ஒரு முழுச் சுற்று முன்னேறியதாக எடுத்துக்கொள்கிறது. 5.1 கெர்னலில் மாற்று வழி சேர்ந்தது: கீழ்ப் பிட்டுகள் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ இருந்தால் நம்பாமல் மறுபடி படிக்கும். கார்டெக்ஸ் ஏ73-இன் ஒரு பதிப்பிலும் 32 பிட் எல்லையில் இதுபோல் ஒரு பிழை உண்டு. இப்படி ஒவ்வொரு முறையும் சரிபார்த்துப் படிக்க வேண்டிய சில்லுகளில் லினக்ஸ் விடிஎஸ்ஓ வேகப்பாதையை நிறுத்திவைத்தது. பலகையோடு வந்த பழைய 4 வரிசைக் கெர்னலைத் தூக்கிவிட்டு, 5.1-க்குப் பிந்தையதைப் போடுங்கள்.

விண்டோஸில் பார்ப்பது எப்படி

‘க்வெரி பெர்ஃபார்மன்ஸ் ஃப்ரீக்வன்சி’ அழைப்பு தரும் எண்ணே போதும். 1 கோடி என்று வந்தால் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்குப் பிந்தைய வழக்கமான டிஎஸ்சி வழி. 1,43,18,180 அளவில் வந்தால் ஹெச்பெட். 35,79,545 என்றால் பிஎம் டைமர். பின்னிரண்டில் ஒன்று புதிய கணினியில் வந்தால், கேம் வேகம் கூடும் என்று யாரோ சொன்ன வீடியோவைப் பார்த்து ‘யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக்’ போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ‘பிசிடிஎடிட்’ கட்டளையில் சாய்கோடு போட்டு ‘டிலீட்வேல்யூ யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக்’ என்று கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். மறுபடி அதே எண்ணைப் படித்துப் பாருங்கள். மாறாவிட்டால் பயாஸ் பதிப்பிலிருந்து தொடங்குங்கள்.